டீக்கடைக்கு எதற்கய்யா கம்ப்யூட்டர்?

கம்பெனிகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த வரலாற்றை யாராவது பயபக்தியோடு சொல்ல ஆரம்பித்தால், குறுக்கே புகுந்து "முதல் போணி யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பேங்க் என்பார்கள். இன்ஷூரன்ஸ் என்பார்கள். விஷயம் தெரிந்தவராக இருந்தால் லேசாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "டீக்கடைக்காரர்கள்" என்பார். ஆபீஸ் கணக்குப் போடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி, 1951-இல் அதை வேலைக்கு உட்கார வைத்த முதல் கம்பெனி, லண்டனில் டீயும் பன்னும் கேக்கும் விற்ற ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி. கடையில் வாங்கலாம் என்றால் அந்தச் சரக்கை விற்க அங்கே ஆளில்லை. அதனால் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

டீக்கடை என்றால் பாய்லர், பெஞ்சு, ஓசிப் பேப்பர் என்று நினைத்துவிடக் கூடாது. சால்மன், குளுக்ஸ்டீன் என்று இரண்டு குடும்பங்கள். சம்பந்திகள். புகையிலை வியாபாரம். சைடில் டீ விற்கலாம் என்று யோசனை வந்தபோது, நம் பரம்பரைப் பெயரைப் போய் டீக்கடைப் பலகையில் எழுதுவதா என்று கௌரவப் பிரச்சினை கிளம்பியது. புகையிலை விற்பதில் போகாத மானம் டீ விற்றால் போய்விடுமாம். சொந்தக்காரர் ஒருவர் இருந்தார், பெயர் ஜோசப் லயன்ஸ். "உன் பெயரைக் கொடு" என்று வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். 1894-இல் பிக்காடில்லியில் முதல் கடை. பிறகு ஊர் ஊராக இருநூறுக்கு மேல் கடைகள். லண்டனின் முக்கிய மூலைகளில் 'கார்னர் ஹவுஸ்' என்று மாடி மாடியாக ரெஸ்டாரண்ட், பக்கவாத்தியத்தோடு. கறுப்பு உடுப்பும் வெள்ளை ஏப்ரனும் போட்ட பரிமாறும் பெண்களுக்கு 'நிப்பி' என்று செல்லப் பெயர். ஹாமர்ஸ்மித்தில் கேட்பி ஹால் என்ற தலைமையகம். அங்கே சுவிஸ் ரோல் கேக்கை ஒரு நாளைக்கு மைல் கணக்கில் சுருட்டினார்கள். பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர், கெமிஸ்ட்ரி படித்த பெண்ணாகச் சம்பளத்துக்கு இருந்ததும் இங்கேதான்.

இவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்துக்கு வருமானம் எப்படி வந்தது? பென்னி பென்னியாக. ஒரு கப் டீ, ஒரு பன், பில். இன்னொரு கப் டீ, இன்னொரு பன், இன்னொரு பில். லாபம் ஒவ்வொன்றிலும் துளி. ஆனால் பில் பில்தானே! ஒரு லட்சம் பவுண்டுக்குக் கப்பல் விற்றவனும் ஒரு வரிதான் எழுதுகிறான், பன் விற்றவனும் ஒரு வரிதான் எழுத வேண்டும். பன்னில் கிடைக்கும் லாபத்தை அந்த வரியை எழுதும் குமாஸ்தாவே தின்றுவிடுவார் போலிருந்தது. பன்னையும் சேர்த்து.

இந்த வேதனையைத் தனி மனிதராக நெஞ்சில் சுமந்தவர் ஜான் சிம்மன்ஸ். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவர். அப்படிப்பட்டவர்கள் நட்சத்திரங்களைப் பற்றி யோசிக்கப் போவார்கள். இவர் 1923-இல் டீக்கடையில் சேர்ந்து பில்களைப் பற்றி யோசித்தார். ஒரு பில் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது, ஏன் போகிறது, போகாவிட்டால் யார் அழுவார்கள் என்று ஆராய்வதற்கென்றே தனி இலாகா வைத்தார். ஆபீஸ் நடைமுறையை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு சம்பளம் கொடுத்த கம்பெனி 1930-களில் வேறு எத்தனை இருந்திருக்கும்? மற்ற கம்பெனிகளில் அதற்கு 'வம்பளப்பு' என்று பெயர், இலவசமாகவே நடந்தது.

போர் முடிந்தது. அமெரிக்காவில் ஆபீஸ் வேலையில் என்னென்ன புதுமை வந்திருக்கிறது என்று பார்த்து வர 1947-இல் ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்ட், ரேமண்ட் தாம்சன் என்ற இரண்டு மேனேஜர்களைக் கம்பெனி அனுப்பியது. அமெரிக்க ஆபீஸ்களில் அப்படி ஒன்றும் அதிசயம் இல்லை. அங்கேயும் குமாஸ்தா, அங்கேயும் லெட்ஜர். ஆனால் ராணுவத்துக்காகக் கட்டிய 'எனியாக்' என்ற மின்மூளை பற்றிக் காதில் விழுந்தது. பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடும் யந்திரம். இதைக் கேட்டவுடன் உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் பீரங்கி ஞாபகம் வந்தது. இந்த இருவருக்கும் பன் ஞாபகம் வந்தது.

பிரின்ஸ்டனுக்குப் போய், அந்த யந்திரத்தில் வேலை செய்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைப் பார்த்தார்கள். அவரும் ஆர்வமாகப் பேசிவிட்டு ஒரு தகவல் சொன்னார்: இதே மாதிரி ஒன்றை உங்கள் ஊர் கேம்பிரிட்ஜில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், தெரியாதா? கேம்பிரிட்ஜ் லண்டனிலிருந்து அறுபது மைல் இருக்கும். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வந்துவிடலாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அட்லாண்டிக் தாண்டியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து கேம்பிரிட்ஜுக்குப் போனால், மாரிஸ் வில்க்ஸ் என்ற விஞ்ஞானி 'எட்சாக்' என்ற யந்திரத்தை அரைகுறையாக நிறுத்திவைத்திருந்தார். மூளை நிறைய, பணம் குறைவு. லயன்ஸ் 3,000 பவுண்டு கொடுத்தது, தன் ஆள் ஒருவரையும் கூடமாட ஒத்தாசைக்கு அனுப்பியது. உயர்கல்விக்கு டீக்கடை செய்த உபயம் என்று கல்வெட்டே வைத்திருக்கலாம்.

*

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். டைரக்டர்களிடம் சேங்ஷன் வாங்க வேண்டும். ஸ்டாண்டிங்ஃபோர்டும் தாம்சனும் 1947 அக்டோபரில் ஒரு அறிக்கை எழுதினார்கள். யந்திரத்துக்குச் செலவு சுமார் 1,00,000 பவுண்டு. மிச்சம் வருடத்துக்கு 50,000 பவுண்டு.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். எவ்வளவு அழகாக இருக்கின்றன! சைபர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் சரியாக இரண்டு வருடம், மீதியில்லை. அப்போது கேம்பிரிட்ஜ் யந்திரம் ஓடவில்லை. ஆபீஸ் வேலைக்கென்று ஒரு யந்திரம் உலகத்தில் எங்குமே இல்லை. இல்லாத யந்திரத்தின் விலையும், அது பார்க்கப்போகும் வேலையின் மிச்சமும் இவ்வளவு துல்லியமாக எப்படி வந்தன? வராமல் என்ன! டைரக்டர்கள் எந்த எண்ணுக்குத் தலையாட்டுவார்கள் என்று தெரிந்த கணக்காளருக்கு எண் கிடைக்காமல் போகுமா? கம்ப்யூட்டர் வாங்கிய எல்லாக் கம்பெனிகளும் பின்னால் இதே வழியில்தான் போயின. முதலில் ஆசை வரும், அப்புறம் கணக்கு வரும். லயன்ஸ்காரர்களைப் பற்றி ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: இருபது வருடம் பில்களின் பின்னாலேயே அலைந்தவர்கள் என்பதால், அவர்களுடைய உருண்டை எண்ணுக்கு அடியில் நிஜமான பில்கள் இருந்தன.

டைரக்டர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கேம்பிரிட்ஜ் யந்திரம் முதலில் ஓடட்டும், அப்புறம் பேசலாம் என்றார்கள். 1949 மே 6-ஆம் தேதி அது ஓடியது. சரி, கட்டுங்கள்.

கட்டியவர் ஜான் பிங்கர்ட்டன் என்ற இன்ஜினீயர். ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்பது அவர் கட்சி. கேம்பிரிட்ஜ் டிசைனைக் கூடுமான வரை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆறாயிரம் வால்வுகள். பழைய ரேடியோவில் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அதே ஜாதி. ஒரு வால்வு போனால் ரேடியோவில் பாட்டு நிற்கும், இங்கே கணக்கு நிற்கும். ஆறாயிரத்தில் எது போயிற்று என்று தேட வேண்டும். போவதற்கு முன்பே பலவீனமான வால்வைக் கண்டுபிடிப்பதற்கென்று தினமும் காலையில் சோதனை நடத்தினார்கள்.

ஞாபகசக்திக்குப் பாதரசம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இவ்வளவு அழகான கிறுக்குத்தனம் அடிக்கடி கிடைக்காது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான குழாய்கள், உள்ளே முழுக்கப் பாதரசம். எண்களை ஒரு முனையில் ஒலித் துடிப்புகளாக மாற்றி அனுப்புவார்கள். மின்சாரம் நொடியில் பாய்ந்துவிடும், ஒலி பாதரசத்துக்குள் நிதானமாக நடந்துதான் போகும். மறுமுனைக்கு வந்ததும் பிடித்து, தூசி தட்டி, மறுபடி முதல் முனைக்கு அனுப்பிவிட வேண்டும். இப்படி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் வரை ஞாபகம் இருக்கும். நின்றால் மறந்துவிடும். கடைக்கு அனுப்பிய பையன் "கால் கிலோ பருப்பு, ரெண்டு தேங்காய், கால் கிலோ பருப்பு, ரெண்டு தேங்காய்" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போவானே, அதே ஏற்பாடு. அப்படி அறுபத்து நான்கு குழாய்கள் முணுமுணுத்தும் மொத்தமாக 2,048 எண்கள்தான் நினைவில் நின்றன. இன்று 'காலை வணக்கம்' என்று ரோஜாப்பூ படத்தோடு வாட்ஸப்பில் வரும் ஒரே ஒரு செய்திக்கு அந்த இடம் போதாது.

யந்திரத்துக்கு ஒரு ஒலிபெருக்கியும் வைத்திருந்தார்கள். கணக்கு ஓடும்போது அது ஒரு மாதிரி இரையும். பழகிய ஆபரேட்டர்கள் சத்தத்தை வைத்தே எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எங்கே தாளம் தப்புகிறது என்று சொல்லிவிடுவார்கள். லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ் என்பதன் முதலெழுத்துகளைக் கோத்து 'லியோ' என்று பெயர் வைத்தார்கள். லயன்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எந்த ஜோசியருக்கும் வந்திருக்காது.

*

1951 நவம்பர் கடைசியிலிருந்து லியோ வாராவாரம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தது. பேக்கரியிலிருந்து போன ரொட்டி, கேக், பை எல்லாவற்றுக்கும் விலை மதிப்புப் போடுவது. உலகின் முதல் வணிகக் கம்ப்யூட்டர் போட்ட முதல் வணிகக் கணக்கு, இந்த வாரம் எத்தனை ரூபாய்க்குக் கேக் வெளியே போயிற்று என்பது. மன்னிக்கவும், பவுண்டுக்கு. பவுண்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று நம் தாத்தாக்கள் பட்ட பாட்டை அவர்களும் பட்டார்கள். ஒன்று, சைபர் இரண்டே இரண்டு தெரிந்த யந்திரத்துக்கு இந்தப் பன்னிரண்டையும் இருபதையும் புகட்ட வேண்டியிருந்தது. அது நம் எட்டாம் வகுப்பு மாணவர்களைவிடச் சமர்த்தாகக் கற்றுக்கொண்டது.

ஏன் கேக் முதலில்? சம்பளப் பட்டியல் முதலில் வந்திருக்கலாமே? வந்திருக்கலாம். ஆனால் கேக் கணக்கு தப்பினால் கேக் கோபித்துக்கொள்ளாது. உள்ளே கொடுக்க வேண்டிய விவரமும் குறைவு. சம்பளத்துக்கு விவரங்களை வண்டி வண்டியாக உள்ளே கொட்டி, முடிவுகளை வண்டி வண்டியாக வெளியே அள்ள வேண்டும். அதற்காக ஒரு வெளிக் கம்பெனியிடம் காந்த நாடா ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்தார்கள். அது கடைசி வரை மக்கர் பண்ணியது. கடைசியில் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழையபடி பஞ்ச் கார்டும் காகித நாடாவும்தான் கை கொடுத்தன. இந்த இழுபறியில் இரண்டு வருடம் போயிற்று. யந்திரம் மின்னல் வேகத்தில் கணக்குப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும், கார்டு வாசலில் வரிசையில் நிற்கும்.

1953 கிறிஸ்துமஸ் சமயத்தில் சம்பளம் தயார். இங்கேதான் லியோ தன் சோற்றுக்குச் சம்பாதித்தது. 1944-இல் பிரிட்டிஷ் அரசு சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தது. வாரச் சம்பளக்காரரின் வரியைப் போட, ஏப்ரலிலிருந்து இதுவரை அவர் வாங்கிய மொத்தம் என்ன, அவருடைய குறியீட்டு எண்ணுக்கு இதுவரை எவ்வளவு விலக்கு, மீதிக்கு மொத்த வரி என்ன, அதில் ஏற்கெனவே பிடித்தது எவ்வளவு என்று பார்த்து, வித்தியாசத்தை இந்த வாரம் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும். ஒவ்வொரு வாரமும். இரண்டு அட்டவணைப் புத்தகங்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு. ஓவர்டைம், இன்ஷூரன்ஸ், சேமிப்புப் பிடித்தம் எல்லாம் அப்புறம். பழம் தின்று கொட்டை போட்ட குமாஸ்தாவுக்கே ஓர் ஆளுக்கு எட்டு நிமிடம் ஆயிற்று. லியோவுக்கு ஒன்றரை நொடி. அரசாங்கம் போட்ட சிக்கலை அவிழ்க்க மேஜை நாற்காலியோடு ஒரு படையே வேண்டும் என்ற நிலையில், கம்ப்யூட்டருக்கு நியாயம் கற்பித்த பெரிய புண்ணியவான் வருமான வரி இலாகாதான். அந்த இலாகாவும் பிறகு தன் வரி அட்டவணைகளை லியோவிடமே போட்டு வாங்கிக்கொண்டது.

வேலை போன குமாஸ்தாக்கள் கொடி பிடித்தார்களா என்றால், இல்லை. பெரும்பாலும் இளம் பெண்கள். கல்யாணம் ஆனதும் வேலையை விடுவது அந்தக் கால வழக்கம். காலியான நாற்காலியை நிரப்பாமல் விட்டார்கள், அவ்வளவுதான். மாப்பிள்ளைகள் வந்து கம்பெனிக்கு ஆட்குறைப்பு செய்து கொடுத்தார்கள்.

ஊரில் செய்தி பரவியதும் ஆளாளுக்குக் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆயிரக்கணக்கான ரயில் நிலையங்களுக்கு இடையே குறுக்கு வழித் தூரம் கணக்கிட்டுக் கொடு என்றது ரயில்வே. 1956-இல் ஃபோர்டு கார் கம்பெனி தன் ஆட்களின் சம்பளத்தைப் போட்டுத் தரச் சொன்னது. கார் தொழிலாளிக்குக் கையில் வரும் தொகையைத் தீர்மானித்தது டீக்கடையின் பின்கட்டு.

*

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கம்ப்யூட்டர் முதலில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. 1948-இல் ஐ.பி.எம். ஒரு ராட்சத யந்திரத்தை நியூயார்க் மேடிசன் அவென்யூவில் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்தது. அந்த இடம் அதற்கு முன் செருப்புக் கடை. உள்ளே யந்திரம் சந்திரனின் இருப்பிடத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது, வெளியே ஜனம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த ஹாலில் நடுவே தூண்கள் நின்றன. தலைவர் தாமஸ் வாட்சனுக்கு அது பிடிக்கவில்லை. கட்டடத்தைத் தாங்கும் தூணை எடுக்க முடியாது. விளம்பரப் புத்தகத்தில் போட்ட படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வியாபாரத்துக்காக வந்த கம்ப்யூட்டர்களின் ஆரம்பகால விளம்பரங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. படத்தில் இல்லாத தூண்தான் கட்டடத்தைத் தாங்குகிறது.

1952 தேர்தல் இரவில் சி.பி.எஸ். டெலிவிஷனில் 'யூனிவாக்' கம்ப்யூட்டர் ஐசன்ஹோவர் அமோகமாக ஜெயிப்பார் என்று சீக்கிரமே சொல்லிவிட்டது. யாரும் நம்பவில்லை, அறிவிக்கவும் தைரியம் இல்லை. விடிவதற்குள் அது சொன்னதே நடந்தது. மறுநாளிலிருந்து அமெரிக்க முதலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு யூனிவாக் வேண்டும். எதற்கு என்று அப்புறம் யோசிக்கலாம்.

யோசித்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் செய்யும் தொழிற்சாலைக்கு 1954 ஜனவரியில் ஒரு யூனிவாக்கை இறக்கியது. ஆலோசனைக்கு ஆர்தர் ஆண்டர்சன் என்ற ஆடிட்டர் கம்பெனி. சம்பளம், சரக்குத் திட்டம், பில், அடக்கவிலை என்று நாலே வேலை, நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலே போட்ட பணம் வந்துவிடும் என்பது வாதம். மீதி இருபத்திரண்டு மணி நேரம் லாபமோ லாபம்! அந்த வருடக் கோடையில் கம்பெனி மேனேஜர் ராடி ஆஸ்பர்ன் இதைப் பற்றி ஹார்வர்டு பிஸினஸ் ரிவ்யூவில் கட்டுரை எழுதினார். ஊரே படித்துப் புல்லரித்தது. அதில் வருகிற யூனிவாக் சம்பளப் பட்டியலை முதன்முதலாக ஒழுங்காக அடித்துக் கொடுத்தது அக்டோபரில். கட்டுரை வந்து மாதங்கள் கழித்து.

மற்றக் கம்பெனிகளில் என்ன நடந்திருக்கும்? நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ போர்டு மீட்டிங் எதிலும் நாம் இருந்ததில்லை. ஆனாலும் ஊகிக்க முடியாதா என்ன?

"இதை வாங்கினால் என்னய்யா மிச்சம்?"

"இருநூறு குமாஸ்தாக்கள் சார்."

"அவர்களை என்ன பண்ணுவது?"

"கார்டில் ஓட்டை போட ஆள் வேண்டும் சார். அதற்கு நூறு பேர்."

"மீதி நூறு?"

"ஓட்டை சரியாகப் போட்டார்களா என்று பார்க்க, அதே கார்டை இன்னொரு தடவை தட்ட வேண்டும் சார்."

"அப்புறம் மிச்சம் எங்கே?"

"அது வந்து... தொட்டுக் காட்ட முடியாத நன்மைகள் சார். உடனுக்குடன் தகவல். நவீனப் பெயர்."

"எதிர்த்த கம்பெனிக்காரன் ஆர்டர் கொடுத்துவிட்டானாமே?"

"போன மாதமே சார்."

"கையெழுத்து எங்கே போடணும்?"

இந்தக் கையெழுத்தையும் சுலபமாக்கியது ஐ.பி.எம். விலைக்கு வேண்டாம், வாடகைக்கு எடுத்துக்கொள் என்றது. 650 என்ற மாடலுக்கு மாதம் 3,250 டாலரிலிருந்து வாடகை. பத்து லட்சம் டாலருக்கு யந்திரம் என்றால் டைரக்டர்கள் கூடி, கண்ணாடியைத் துடைத்து, ஆயிரம் கேள்வி கேட்பார்கள். மாத வாடகை என்றால் கரண்டு பில்லோடு பில்லாகப் போய்விடும். அந்த மாடல் மட்டும் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வெளியே போயிற்று. மெக்கின்ஸி என்ற ஆலோசனைக் கம்பெனி 1963-இல் வந்து, 27 பெரிய கம்பெனிகளின் கணக்கை மெதுவாகப் புரட்டிப் பார்த்தது. அதில் 18 கம்பெனிகளில் கம்ப்யூட்டர் தன் செலவையே சம்பாதிக்கவில்லை. இதைக் கேட்டு யாராவது யந்திரத்தைத் திருப்பி அனுப்பினார்களா? இன்னும் பெரிய மாடல் வந்தால் சரியாகிவிடும் என்றார்கள்.

*

டீக்கடைக்குத் திரும்புவோம். அங்கே 1954-இல் நடந்த ஒரு காரியம், என் பார்வையில், கம்ப்யூட்டருக்குச் சொல்லப்பட்ட எல்லா நியாயங்களிலும் உருப்படியானது.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு மேனேஜரம்மா. நாளைக்கு எத்தனை பன், எத்தனை ரொட்டி, எத்தனை கேக் என்று அவர் தினமும் எழுதி அனுப்ப வேண்டும். பாரம் நிறையப் பாரம். தினமும் அநேகமாக அதே எண்கள். திங்கள் கிழமை போன திங்கள் மாதிரிதான் இருக்கும், மழை வந்தால் மட்டும் கொஞ்சம் கூடக் குறைய. டேவிட் கேமினர் என்பவர் லியோவின் வேலைகளை வகுத்துக் கொடுத்தவர், போரில் ஒரு காலை இழந்துவிட்டு அதே கம்பெனிக்குத் திரும்பி வந்த கறார்ப் பேர்வழி. பழைய பாரத்தையே வேகமாக அடித்துத் தள்ளச் சொல்லி யந்திரத்திடம் கொடுப்பதில் அவருடைய கோஷ்டிக்கு விருப்பமில்லை. பாரத்தையே ஒழித்துக்கட்டினார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு கடையின் வழக்கமான ஆர்டரும் லியோவிடம் இருக்கும். பிற்பகலில் குறித்த நேரத்துக்கு கேட்பி ஹாலிலிருந்து ஒரு பெண் கடைக்குப் போன் செய்வாள். காதில் ஹெட்போன், கைக்குக் கீழே பஞ்ச் மெஷின். மேனேஜரம்மா மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும்: பன் ஒரு டஜன் கூட, கேக் ஆறு குறைவு. அவர் சொல்லச் சொல்ல இவள் கார்டில் ஓட்டை போடுவாள். மாற்றம் இல்லையா, "ஒன்றுமில்லை" என்று வைத்துவிடலாம். லியோ மீதியைப் பார்த்துக்கொண்டு, எந்தக் கடைக்கு எதைக் கட்டி வண்டியில் ஏற்ற வேண்டும் என்று பட்டியல் அடித்துவிடும்.

அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் யந்திரத்தை வைத்துப் பழைய பாரத்தையே வேகமாக அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஹாமர்ஸ்மித்தில் பன் சம்பந்தமாக, பாரமே வேண்டாம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இதற்கு அறிக்கையில் போடுகிற மாதிரி உருண்டை எண் எதுவும் கிடைக்காது. மீந்து காய்ந்துபோன பன் எத்தனை குறைந்தது என்று அந்த மேனேஜரம்மாவைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

தேயிலைக் கலவைக் கணக்கும் லியோவிடம் போயிற்று. இங்கே நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. லண்டன் ஏலத்துக்குப் போன இலங்கைத் தேயிலை மலையகத் தமிழர் கிள்ளிய கொழுந்து. தோட்டத்தில் மாலையில் தராசின் முன் வரிசையில் நின்று, கணக்கப்பிள்ளை குறைத்து எழுதாமல் இருக்க வேண்டுமே என்று பார்த்துக்கொண்டு நின்ற பெண்களின் கூடையிலிருந்து கிளம்பிய சரக்குக்கு, இந்த முனையில் ஆறாயிரம் வால்வு வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அந்த முனையில் இருந்தது கணக்கப்பிள்ளையின் பென்சில்தான்.

இவ்வளவு கெட்டிக்காரக் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1954-இல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்று தனிக் கம்பெனி வைத்து, மற்றவர்களுக்கும் யந்திரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். நல்ல யந்திரம், நல்ல வாடிக்கையாளர்கள். சிகரெட் கம்பெனி வாங்கியது, உருக்குக் கம்பெனி வாங்கியது, சர்க்கார் இலாகாக்கள் வாங்கின. ஆனால் கம்ப்யூட்டர் விற்க வந்தவர் ஐ.பி.எம். ஆளாக இருந்தால் கோட்டைப் பார்த்தே கையெழுத்துப் போடுகிறவர்கள், லயன்ஸ் ஆள் வந்தால் "நீங்கள் கேக் போடுகிறவர்கள்தானே?" என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆராய்ச்சிக்குக் கொட்டிக்கொண்டே இருக்கவும் கேக்கில் அவ்வளவு லாபம் இல்லை. 1963-இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனியோடு சேர்த்துவிட்டு, கொஞ்ச நாளில் முழுவதுமாகக் கை கழுவினார்கள். முதல் லியோவை 1965-இல் நிறுத்தினார்கள்.

அப்புறம் லயன்ஸ் கம்பெனி அகலக்கால் வைத்தது. பாஸ்கின் ராபின்ஸ் ஐஸ்கிரீம் உட்பட வெளிநாட்டுக் கம்பெனிகளை எழுபதுகளில் வாங்கிக் குவித்தது. வெளிநாட்டு நாணயத்தில் கடன். பவுண்டின் மதிப்பு சரிந்தது, கடன் உட்கார்ந்த இடத்திலேயே ஊதியது. ஒரு பன்னின் அடக்கவிலையைப் பென்னியின் பின்னம் வரை சொல்லத் தெரிந்த பரம்பரை, இந்தக் கடனை யாரைக் கேட்டு வாங்கியதோ! 1978-இல் அலைட் ப்ரூவரீஸ் என்ற பீர் கம்பெனி அதை விழுங்கியது. புகையிலைக்காரர்கள் ஆரம்பித்த டீக்கடை பீர்க்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது.

லியோவின் பேரப்பிள்ளைகள் அதற்கெல்லாம் அசரவில்லை. பிரிட்டிஷ் தபால் இலாகா டெலிபோன் பில் போடுவதற்காக லியோ வம்சத்தின் கடைசி மாடல்களை வாங்கி வைத்திருந்தது. அவை 1981 வரை ஓடின. தன்னைப் பெற்ற கம்பெனி பீர்க்காரர் கைக்குப் போன பிறகும் மூன்று வருடம், மாற்றிக் கொடுக்க யந்திரம் வரும் வரை பில் அடித்துக்கொண்டிருந்தன. இந்த முறை சேங்ஷன் கேட்டு யாரும் அறிக்கை எழுத வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததே!